ஆன்லைன் வணிகமும் கூட்டு முயற்சியும்: நாம் அறிய வேண்டியவை

ஆன்லைன் வணிகம் என்றதும், ஏதோ ஒரு பெரிய கம்பெனி கோடிக்கணக்கில் முதல் போட்டு நம் வாடிக்கையாளர்களை இழுத்துச் செல்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். முதலின் பலம் உண்மைதான். ஆனால் எந்தக் கம்பெனியும் எல்லா வேலையையும் தானே செய்து வளர்ந்துவிடவில்லை. ஆர்டர் பிடிப்பவர் ஒருவர், பணம் வசூலித்துத் தருபவர் ஒருவர், சரக்கைக் கொண்டு சேர்ப்பவர் ஒருவர், சரக்கு வைத்திருப்பவர் வேறொருவர்.

திருப்பூர்க்காரர்களான நமக்கு இது புதிதல்ல. ஒரு பனியன் உருவாக நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்காக வெவ்வேறு யூனிட்டுகளில் நடக்கின்றன. சொந்தமாகச் சாயப்பட்டறை இல்லாதவரும் ஏற்றுமதி செய்ய முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

பணம் வந்த வழி

2007-ல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-ல் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும் முறையைக் கொண்டு வந்தது. கார்டு இல்லாதவர்களும் ஆர்டர் கொடுத்தனர். ஆனால் சரக்கு திரும்பி வருவதும், பணம் கைக்கு வரத் தாமதமாவதும் விற்பவருக்குச் சுமையாயின.

இதற்குத் தீர்வு வங்கிகளின் கூட்டில் பிறந்தது. தங்களுக்குள் போட்டியிடும் 10 வங்கிகள் முன்னின்று 2008-ல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தை அமைத்தன. இக்கழகம் உருவாக்கிய யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரலில் 21 வங்கிகளுடன் தொடங்கப்பட்டது. வாடிக்கையாளரின் வங்கி எதுவானாலும், அவர் கையில் இருக்கும் ஆப் எதுவானாலும், நம் கல்லாவில் ஒட்டிய ஒரே கியூ.ஆர். அட்டைக்குப் பணம் வருவது இந்தக் கூட்டினால்தான்.

சரக்குக்கும் அதே வழி

இதே முறையைச் சரக்கு விற்பனைக்கும் கொண்டு வர, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் முயற்சியில் 2021 டிசம்பர் 31 அன்று ஓ.என்.டி.சி. என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பல வங்கிகள் இதில் பங்குதாரர்கள். 2022 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கிய 5 நகரங்களில் நம் பக்கத்துக் கோயம்புத்தூரும் ஒன்று.

இதில் வாங்குபவர் ஓர் ஆப்பில் இருக்கலாம். கடைக்காரர் வேறோர் ஆப்பில் சரக்கைப் பதிவு செய்திருக்கலாம். டெலிவரி மூன்றாவது நிறுவனத்தினுடையதாக இருக்கலாம். மூன்றும் ஒரே விதிமுறையில் பேசிக்கொள்வதால் ஆர்டர் நம் கடைக்கு வந்து சேருகிறது.

கணக்குப் பார்த்து இறங்குவோம்

கூட்டு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. உதாரணமாக, 400 ரூபாய் மளிகை ஆர்டரில் நம் அடக்க விலை 352 என்று வைத்துக்கொள்வோம். நிற்பது 48 ரூபாய். எல்லாக் கமிஷனும் சேர்ந்து 10 சதவீதம் போனால் கையில் தங்குவது 8 ரூபாய். அதில்தான் பையும் கூலியும். சரக்கு திரும்பி வந்தால் அதுவும் இல்லை. ஆகவே கமிஷன், டெலிவரிச் செலவு, ரிட்டர்ன் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

வரி விஷயமும் கவனத்துக்குரியது. 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குக் கீழ் உள்ள சிறு வியாபாரி, பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சேர்க்கை எண் பெற்று, தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஆன்லைனில் சரக்கு விற்கலாம். காதர்பேட்டையிலிருந்து பிற மாநிலங்களுக்குப் பனியன் அனுப்புவோருக்கு இச்சலுகை இல்லை, பதிவு கட்டாயம். பதிவு பெற்றவர்களிடம் ஆன்லைன் நிறுவனம் பிடிக்கும் டி.சி.எஸ். 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம். அது நம் பணம். கணக்கில் வரவு வைத்துக்கொள்ளத் தவறக் கூடாது.

வங்கிகள் போட்டியை வைத்துக்கொண்டே பொது வழியில் ஒன்று சேர்ந்தன. ஒரு வீதியில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு டெலிவரி ஆளை வைத்துக்கொள்ளலாம். கமிஷனுக்குச் சங்கத்தின் மூலம் ஒன்றாகப் பேசலாம். தனித்தனியாகப் போனால் அவர்கள் சொல்வதே விலை. சேர்ந்து போனால் நாமும் ஒரு விலை சொல்லலாம்.