மதில் ஏறாத பூனை

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவருள் பூனை வளர்ப்போர் பலர். முதுமையடைந்த பூனை மதில்மேல் தாவுவதை விட்டுவிட்டால், "சோம்பல் பிடித்துவிட்டது" என்று நாம் சிரித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சோம்பல் அன்று, மூட்டு நோய்.

நாய்க்குக் கால் நொந்தால் நொண்டும். பூனையோ வலியை வெளிக்காட்டாது. தாவுவதைக் குறைத்துக்கொள்ளும்; முதுகை நக்கித் தூய்மை செய்வதையும் கைவிடும். அமெரிக்காவில் பன்னிரண்டு வயது கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுச் சிதைவு இருந்தது!

இந்நோயில் முதலில் தேய்வது எலும்பன்று. அதன் முனையைப் போர்த்திய குருத்தெலும்பே. அது தேயத் தேய அடியிலுள்ள எலும்பு இறுகித் திண்மை மிகுகிறது. ஓரங்களில் முள்போல் புது எலும்பு முளைக்கிறது. ஆகவே, எலும்பு மெலிந்துவிட்டதென்று எண்ணிச் சுண்ணாம்புச் சத்து ஊட்டுவதால் இந்நோய் தீராது. வெறும் இறைச்சியே உண்டு வளரும் குட்டிகளுக்கு எலும்பு மெலிவது வேறு நோய்.

ஒன்றை அழுத்திக் கூறுகிறோம். நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதன் ஈரலுக்கு அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் போக்கக்கூடும். அன்பு மிகுதியால் பாலில் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; சித்தூர் அன்பர்களுக்கும் அது எட்டாத தொலைவன்று. மருத்துவரிடம் காட்டியே மருந்து கொடுங்கள். வீட்டில் சாளரத்தின்கீழ் ஒரு முக்காலி இடுங்கள். தாவ இயலாத பூனை அதில் கால்வைத்து ஏறிக்கொள்ளும்.