கருப்பைக் கழுத்துப் பரிசோதனை: வெட்கம் யாருடையது?

"எங்கடை பெண்டுகளுக்கு விழிப்புணர்வு காணாது" என்பது புகலிடக் கூட்டங்களில் ஆண்கள் வழமையாகச் சொல்லும் தீர்ப்பு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிய பேச்சிலும் இதுவே வருகிறது. இதனுடன் எனக்கு உடன்பாடில்லை.

ஜேர்மனியில் இப்பரிசோதனை 1971 முதல் சட்டரீதியான சுகாதாரக் காப்புறுதியில் அடங்கியுள்ளது. 2020 முதல் 20 தொடக்கம் 65 வயது வரையான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கொரு தடவை அழைப்புக் கடிதமும் வருகிறது. அது ஜேர்மன் மொழியில் வருகிறது; முதல் தலைமுறை வீடுகளில் அதைப் பிரித்து வாசிப்பவர் பெரும்பாலும் கணவர், அல்லது பிள்ளை. எண்பதுகளில் ஊரைவிட்டு வந்த பெண்கள் அங்கும் இதைக் கண்டதில்லை. இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இலேயே தொடங்கப்பட்டன.

செய்வது இவ்வளவுதான்: கருப்பைக் கழுத்திலிருந்து சிறு தூரிகையால் சில கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. இம்முறையை உருவாக்கிய பப்பனிக்கோலா நியூயோர்க்கில் குடியேறிய கிரேக்க வைத்தியர். வந்த புதிதில் கடையில் கம்பளம் விற்றவர். (எம்மில் பலருக்கு இது ஆறுதலாயிருக்கும்.) பல வருடங்கள் தன் கலங்களை அந்த ஆய்வுக்குத் தந்தவர் அவரது மனைவி.

35 வயதிலிருந்து மூன்றாண்டுக்கொரு தடவை வைரஸ் சோதனையும் சேர்த்துச் செய்யப்படுகிறது. சிக்கல் இங்கேதான். இந்நோய்க்குக் காரணம் பப்பிலோமா வைரஸ் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அது பாலுறவால் தொற்றுவது. ஆகவே 45 வயதுப் பெண்ணுக்கு வைரஸ் உண்டென்று முடிவு வந்தால், "எங்கையிருந்து வந்தது?" என்ற விசாரணை அவளிடமே தொடங்குகிறது. மணமாகாதவள் சோதனைக்குப் போனாலே ஊர் கதைக்கும்.

மருத்துவம் சொல்வது வேறு. பாலுறவுகொள்ளும் ஆண் பெண் பெரும்பாலானோரை இவ்வைரஸ் ஒருமுறையாவது தொற்றுகிறது. அநேகமாக இரண்டொரு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். சிலரில் பல வருடங்கள் அறிகுறியின்றித் தங்கி, பத்து வருடங்களுக்கு மேல் கழித்துப் புற்றுநோயாகலாம். எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்பதை எந்த முடிவும் சொல்லாது. காவியவன் கணவனாகவே இருக்கலாம். ஆண்களுக்கோ வழமையான சோதனை கிடையாது. தன் நடத்தைக்கு வழக்கு வைக்கப்படும் என்று தெரிந்த பெண் கடிதத்தை ஒளித்துவைப்பதை அறியாமை என்பது எப்படி?

2018 முதல் ஜேர்மனியில் 9 முதல் 14 வயது ஆண்பிள்ளைகளுக்கும் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. மகளின் ஊசி பற்றியே வாதிடும் தகப்பன்மார் மகனை நினைப்பதில்லை. ஊசி எல்லா வகை வைரஸ்களையும் தடுக்காததால், போட்டுக்கொண்டவர்களும் சோதனைக்குப் போகவேண்டும். பெண் வைத்தியரைக் கேட்கலாம். மொழிபெயர்க்க ஒரு சிநேகிதியைக் கூட்டிச் செல்லலாம். 65 வயதுடன் கடிதம்தான் நிற்கிறது. சோதனைக்கான உரிமைக்கு மேல் வயதெல்லை இல்லை.