குரங்குகள் பழம் விடுமா?

நண்பனோடு காய் விட்டாலும் மறுநாளே பழம் விட்டுச் சேர்ந்துவிடுகிறீர்கள் அல்லவா? குரங்குகளும் அப்படித்தான்!

நெதர்லாந்தின் ஆர்னம் நகர உயிரியல் பூங்காவில், 1970களில் ஃபிரான்ஸ் டி வால் என்ற அறிஞர் சிம்பன்சிகளைக் கவனித்துவந்தார். கடுமையாகச் சண்டை போட்ட சிம்பன்சிகள், சற்று நேரத்தில் ஒன்றையொன்று நெருங்கிக் கட்டிப்பிடித்தன, முத்தமிட்டன!

சண்டை போட்ட குரங்கு உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கும். அது பதற்றத்தின் அடையாளம். எதிராளியோடு சமாதானம் ஆனதும் சொறிவது குறைந்துவிடும். கூட்டமாக வாழும் குரங்குகளுக்கு ஒன்றின் துணை இன்னொன்றுக்கு வேண்டும். பகை நீடித்தால் இரண்டுக்குமே கஷ்டம்.

சரி, சமாதானம் பேசும் குணம் பிறவியிலேயே வருவதா, பழகி வருவதா? இதைக் கண்டறிய டி வாலும் அவரோடு பணியாற்றியவரும் அமெரிக்காவில் இரண்டு வகைக் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். செம்முகக் குரங்குகளுக்கு மூக்குமேல் கோபம் வரும். எளிதில் சமாதானம் ஆகா. குட்டைவால் குரங்குகளோ பொறுமைசாலிகள். சண்டை முடிந்ததும் ஒன்று பின்புறத்தைக் காட்டும், மற்றது அதன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். கோபம் தீர்ந்தது!

இளம் செம்முகக் குரங்குகளை, வயதில் சற்றுப் பெரிய குட்டைவால் குரங்குகளோடு ஐந்து மாதம் ஒன்றாக வைத்தார்கள். முதலில் செம்முகங்கள் பயந்துபோய்க் கூரைக் கம்பிகளில் தொற்றிக்கொண்டன. அங்கிருந்தபடியே உறுமி மிரட்டின. குட்டைவால்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை! நாளாக நாளாகச் செம்முகங்களின் போக்கு மாறியது. சண்டைக்குப் பிறகு சமாதானம் ஆவது மூன்று மடங்குக்கும் மேல் கூடியது. குட்டைவால்களைப் பிரித்துக் கொண்டுபோன பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்தது. இடுப்பைப் பிடிக்கும் வழக்கத்தை அவை காப்பியடிக்கவில்லை; தங்கள் இனத்துக்கு உரிய விதத்திலேயே சமாதானம் ஆயின. 1993இல் இந்த முடிவு குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்விதழில் வெளியானது.

குரங்குகளே கற்றுக்கொள்ளும்போது, பேசத் தெரிந்த நாம் இன்னும் நன்றாகக் கற்கலாமே! ஒரே பேட்டுக்கு இருவரும் மல்லுக்கட்டுகிறீர்களா? முதலில் கோபம் தணியட்டும். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். உங்களுக்கு அது ஏன் வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு இருவருக்கும் சரிப்படும் வழியைச் சேர்ந்து தேடுங்கள்: “இந்த ஓவர் நீ, அடுத்த ஓவர் நான்.”

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். வீட்டிலும் தெருவிலும் உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமாதானம் ஆகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர்களும் பழகுவார்கள்.