பருப்பு சாதமும் பழைய சட்டையும்!

அன்றைக்கு ஆபீஸில் ஆடிட். அப்போது நான் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை என்று கம்பீரமாக உள்ளே நுழைகிறேன். பியூன் சிரிக்கிறார். கேஷியர் சிரிக்கிறார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன சார், எந்தக் கட்சியில சேர்ந்திருக்கீங்க?" என்றார்.

பாத்ரூம் கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வலது தோள்பட்டைக்குப் பின்னால், ஐந்து விரலும் தெளிவாக ஒரு மஞ்சள் கை! கிளம்பும்போது ஆசையாகத் தூக்கிக் கொஞ்சியதற்கு என் மகள் கொடுத்த பருப்பு சாத ரசீது.

சாயங்காலம் சட்டையில் சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள் கை சிவப்புக் கையாக மாறியது! அலறிவிட்டேன். "என்னங்க, ஆரத்தி கரைச்சுப் பார்த்ததே இல்லையா?" என்றாள் சகதர்மிணி. வாஸ்தவம்தான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறது. சோப்பும் சுண்ணாம்பைப் போல காரத்தன்மை உள்ளது. அதே சங்கதி. அலசியதும் சிவப்பு போய்விட்டது. மஞ்சள் மட்டும் சம்மன் இல்லாமல் ஆஜர்.

அன்றைக்கே வீட்டில் அவசரச் சட்டம் போட்டேன். 'இனி பாப்பா சாதத்தில் கை வைக்கக் கூடாது.' நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வேன். மனைவி ஊட்டுவாள். எதிரே செல்போனில் ஒரு கரடி பொம்மை ஆடும். வாய் தானாகத் திறக்கும். பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. தரையில் ஒரு பருக்கை கிடையாது. என் நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் போனது. கரடியைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் கிண்ணத்தை எடுக்கிற சத்தம் கேட்டாலே அழுகை. ராத்திரி ஒன்பது மணிக்கு, ஆறிப்போன சாதத்தை வைத்துக்கொண்டு, ஆபீஸிலிருந்து வந்த புடவையைக்கூட மாற்றாமல் மனைவியும் சேர்ந்து அழுதாள்.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் எடைக் கார்டைக் காட்டினார். 9-வது மாதத்தில் 8 கிலோ. 12-வது மாதத்தில் 8 கிலோ 100 கிராம். கோடு படுத்துவிட்டது. பி.காம். படித்தவனுக்குக் கிராஃப் புரியாதா என்ன? வயிற்றைக் கலக்கியது.

நாங்கள் ஊட்டுகிற அழகை விவரித்தேன். டாக்டர் நிதானமாகக் கேட்டார்: "சாப்பாடு உங்களுக்கா, குழந்தைக்கா? கையை விடுங்க சார்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பருக்கையைப் பொறுக்குகிற வித்தை, குழந்தைக்கு ஒன்பது, பத்து மாதத்திலேயே வந்துவிடுமாம். பிசைந்து, பூசி, வீசித்தான் சாப்பிடக் கற்றுக்கொள்ளும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியும், குழந்தை தானாகச் சாப்பிட ஊக்கம் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. அதே நிறுவனம் 2019-ல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கரடிக்கு அன்றோடு ரிடையர்மென்ட்.

சரி, கையை விட்டாச்சு. துணிமணி? கடையில் 'பிப்' வாங்கினேன். கர்ச்சீப் சைஸில் இருந்தது. முயல் படம் மட்டும் சுத்தமாக இருக்க, சுற்றியிருந்த குழந்தை முழுக்கச் சாம்பார். அடுத்து பிளாஸ்டிக் பிப். சென்னை வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

இந்த நேரத்தில் திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். அவள் காலத்துத் தீர்வு ரொம்ப சிம்பிள். குழந்தையை ஒட்டுத்துணி இல்லாமல் முற்றத்தில் உட்கார வைப்பது. சாப்பிட்டு முடித்ததும் தலையோடு ஒரு குடம் தண்ணீர். இரண்டாவது மாடி ஃபிளாட்டில் முற்றத்துக்கு எங்கே போவது?

அம்மா பீரோவைக் குடைந்து, என் ஆடிட் சட்டையை உருவினாள். "இது இனிமே தேறாது. கத்திரிக்கோலை எடு."

"அம்மா! அது புதுச் சட்டை!"

"டேய், அழுக்காகக் கூடாதுன்னா துணிக்குக் காவல் போடு. குழந்தை கைக்குக் காவல் போடாதே!"

பதில் சொல்ல முடியவில்லை. தெருமுனை டெய்லர் அரை மணியில் தைத்துக் கொடுத்தார். செய்முறை இதுதான். முழுக்கைக் காட்டன் சட்டையை முன்பின்னாகத் திருப்புங்கள். பட்டன் வரிசை குழந்தையின் முதுகுக்குப் போய்விடும். காலரை வெட்டி, கழுத்தையும் தோளையும் குழந்தை அளவுக்குப் பிடியுங்கள். கையை மணிக்கட்டு அளவுக்கு வெட்டி லூஸாக எலாஸ்டிக் வையுங்கள். சட்டையின் அடியை நாலு விரல் உயரத்துக்கு மேலே மடித்து, இரண்டு ஓரமும் தைத்தால் நீளமாக ஒரு பை கிடைக்கும். விழுகிற சாதம் தரைக்குப் போகாமல் அதில் தங்கும்.

கழுத்தில் மட்டும் நாடா கட்டாதீர்கள். எங்காவது மாட்டினால் இறுக்கிவிடும். இழுத்தால் கழன்றுவிடுகிற பிரஸ் பட்டனோ வெல்க்ரோவோ போதும். சாப்பாடு முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பிப்போடு தூங்க விடக் கூடாது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். முழுக் கடலை, முழுத் திராட்சை கண்ணிலேயே படக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நாற்காலிக்கு அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்தால் கோட்டை ரெடி.

முதல் நாள் சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதினேன். 1494-ல் வெனிஸில் அச்சான புத்தகத்தில் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு. என் வீட்டு நிலவரம்: கிண்ணத்தில் குறைந்தது ஆறு ஸ்பூன். பிப் பையில் மூன்று, வேட்டியில் ஒன்று, நெற்றியில் ஒன்று, வாயில் அரை. மிச்சம் அரை ஸ்பூன் எங்கே? பச்சோலியே வந்தாலும் டேலி ஆகாது. (மறுநாள் என் செருப்பில் கிடைத்தது.)

ஆனால், வாய்க்குள் போன அந்த அரை ஸ்பூனை அவளே எடுத்து வைத்தாள். அழவில்லை. நெற்றியில் பருப்போடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து, அந்த ராத்திரி மனைவி சூடான சாதம் சாப்பிட்டாள்.

15-வது மாதத்தில் டாக்டர் கார்டில் புள்ளி வைத்தார். 9 கிலோ. படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. இன்க்ரிமென்ட் லெட்டரைக்கூட நான் இத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வருத்தம். துவைத்த பிப்பை அம்மா தினமும் மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயப் போட்டாள். நாலே நாளில் அந்த மஞ்சள் கை காணாமல் போய்விட்டது! மஞ்சள் சாயம் வெயிலுக்குத் தாங்காதாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் சட்டை பிழைத்திருக்குமே?

"சொல்லியிருந்தா நீ சட்டையைக் குடுத்திருப்பியா?" என்றாள் அம்மா.

இப்போது மகளுக்கு நாலு வயது. ஸ்பூன், கை இரண்டிலும் எக்ஸ்பர்ட். போன ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிளில் நான் சட்டையில் வத்தக்குழம்பைக் கொட்டிக்கொண்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். கையில் அந்தப் பழைய பிப்போடு வந்தாள்.

"அப்பா, போட்டுக்கோ. நான் கையைப் பிடிக்க மாட்டேன்."