நிரல் எழுதப் பழகுவோம் – 7: இது யாருடைய கணினியில் ஓடும்?

"எந்த மொழி படிக்கிறது நல்லது, சேர்?"

ஸ்காபரோவில் சனிக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும். தொழிற்சாலை வேலையை விட்டு வேறு ஏதாவது படிக்க நினைக்கும் நாற்பது வயதுக்காரரும் கேட்பார். சி ஷார்ப்பா, பைத்தனா, ஜாவாஸ்கிரிப்டா என்று பெயர்களையும் அவர்களே அடுக்குவார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இன்னொன்று கேட்பேன்: "நீங்கள் எழுதப்போவது யாருடைய கணினியில் ஓட வேண்டும்?"

கேள்வி விளங்காமல் பலர் முழிப்பார்கள். ஆனால் தொடக்கத்தில் வருகிற சந்தேகங்களில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். மொழி எது என்பது அதற்குப் பிறகு வருகிற சங்கதி.

விளக்கம் தேடிக் கலிஃபோர்னியாவரை போகத் தேவையில்லை, ரொறொன்ரோவே போதும். 1988இல் இந்த நகரில் டெல்ரினா என்றொரு நிறுவனம் தொடங்கியது. அவர்களுடைய வின்ஃபக்ஸ் தொண்ணூறுகளில் உலகெங்கும் அலுவலகங்களில் இருந்தது. அதன் தந்திரம் எளிது: விண்டோஸிடம் தன்னை ஒரு பிரிண்டர் என்று சொல்லிக்கொள்ளும். கடிதத்தை அடித்து முடித்துவிட்டு நீங்கள் "பிரிண்ட்" கொடுத்தால் கடதாசி வெளியே வராது. பக்கம் மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் ஏறி அடுத்த ஊரின் ஃபக்ஸ் இயந்திரத்துக்குப் போய்விடும். 1995இல் சிமான்டெக் டெல்ரினாவை வாங்கிக்கொண்டது.

அந்த நிரல் முழுவதும் ஓடியது வாங்கியவரின் மேசையில் இருந்த கணினியில். அவருடைய விண்டோஸ், அவருடைய மோடம், அவருடைய நினைவகம். அதில் ஒரு பிழையைத் திருத்தினால், திருத்தம் வாங்கியவர் ஒவ்வொருவரின் கணினிக்கும் தனித்தனியாகப் போய்ச்சேர வேண்டும். டெஸ்க்டொப் நிரல் என்பது இதுதான்: பலம் எல்லாம் அங்கே இருக்கிறது, தொல்லையும் அங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் இது இப்படி வரும்: "என்ர லப்டொப்பில ஓடுது, அவன்ர லப்டொப்பில ஏன் ஓடேல்லை?" நண்பனிடம் இருப்பது மக் என்றால் கதை அங்கேயே முடிந்தது, விண்டோஸ் சன்னல்களுக்கான வின்ஃபோர்ம்ஸ் கருவியில் எழுதிய நிரல் அதில் ஓடாது. விண்டோஸ் என்றாலும், உங்கள் சி ஷார்ப் நிரல் தனியே ஓடுகிற பண்டம் அல்ல. அதை ஓட்டுகிற டொட்நெட் என்ற அடித்தளம் கீழே இருக்க வேண்டும். உங்கள் கணினியில் விஷுவல் ஸ்டூடியோவோடு சேர்ந்து அது வந்துவிட்டது, அவனிடம் வரவில்லை. டொட்நெட்டையும் உள்ளே வைத்தே வெளியிடலாம். சின்ன நிரல் கூடப் பல பத்து மெகாபைட் ஆகிவிடும், அவ்வளவுதான். அதையும் செய்து அனுப்பினால் ஜிமெயில் அந்தக் கோப்பை ஏற்காது, சிப் செய்து மறைத்தாலும் கண்டுபிடித்துவிடும். வேறு வழியில் கொடுத்தால் விண்டோஸ் நீலப் பெட்டி ஒன்றைக் காட்டி, வெளியிட்டவர் யாரென்று தெரியாது என்று எச்சரிக்கும். பிள்ளைகள் தாங்கள் வைரஸ் எழுதிவிட்டோமோ என்று பயந்துபோகிறார்கள். ஒன்றும் இல்லை. காசு கட்டி வாங்கும் சான்றிதழால் அந்தக் கோப்பில் கையொப்பம் இடப்படவில்லை, அத்தோடு அதை இதுவரை யாரும் இறக்கிப் பயன்படுத்தியதும் இல்லை. பழகுகிற காலத்தில் அந்தச் செலவு தேவையில்லை.

இனி வலை. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் கிரீன்லாந்தில் பிறந்து, டென்மார்க்கிலும் கனடாவிலும் வளர்ந்து, 1993இல் இங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலான ஓட்டத்தில் இருக்கும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். வேலைக்காக வலையில் போட்டிருந்த தன்விவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய, 1994இல் சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். 1995 ஜூன் 8 அன்று அவற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதுதான் பிஎச்பி. வேர்ட்பிரஸில் நடக்கிற தளங்கள் எல்லாம் இன்றும் அதில்தான் ஓடுகின்றன.

பிஎச்பி ஓடுவது பார்க்கிறவரின் கணினியில் அல்ல. தளம் இருக்கிற சேர்வரில். பார்க்கிறவருக்கு அதன் ஒரு வரி கூடப் போகாது, விளைவாகக் கிடைத்த எச்டிஎம்எல் மட்டும் போகும். ஓரிடத்தில் திருத்தினால் அடுத்த முறை திறக்கும்போது எல்லோருக்கும் திருத்தம். டெல்ரினாக்காரர்கள் கனவில்கூடக் கண்டிராத வசதி. இத்தோடு நின்றிருந்தால் கற்பிப்பது சுலபம். ஆனால் அதே 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுவந்தார். அது சேர்வரிலிருந்து புறப்பட்டு, பார்க்கிறவரின் பிரவுசருக்குள் வந்து ஓடுகிறது. ஆக, ஒரே வலைப்பக்கத்தின் நிரல் பாதி அங்கேயும் பாதி இங்கேயும். புதியவர்கள் குழம்பும் முக்கியமான இடம் இது.

ஒரு பிள்ளை தன் முதல் தளத்தைச் செய்து முடித்த சந்தோஷத்தில் முகவரியை வாட்ஸப்பில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. "சித்திக்கு அனுப்பினனான் சேர், திறக்குதில்லையாம்." முகவரியைப் பார்த்தால் "லோக்கல்ஹோஸ்ட்" என்று தொடங்குகிறது. லோக்கல்ஹோஸ்ட், அல்லது 127.0.0.1, என்றால் "இந்தக் கணினியே" என்று பொருள். சித்தி தன் போனில் அதைத் தட்டியபோது, அந்தப் போன் தளத்தைத் தனக்குள்ளேயே தேடியிருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் லப்டொப்பை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தளத்தை எல்லோரும் பார்க்க, வலையிலிருந்து எட்டக்கூடிய ஒரு சேர்வரில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இன்னொரு தம்பி தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, அதைப் பார்க்க முடியாதபடி குழப்பி மறைத்தும் வைத்திருந்தான். பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தச் சொன்னேன்; வந்திறங்கிய நிரல் முழுவதும் திரையில் தெரிந்தது. பார்க்கிறவரின் கணினிக்குப் போகிற எதுவும் இரகசியம் அல்ல. கடவுச்சொல், விலையைக் கணக்கிடும் விதி, யாருக்கு அனுமதி என்ற தீர்மானம் எல்லாம் சேர்வரில் இருக்க வேண்டியவை. பிரவுசரில் செய்கிற சரிபார்ப்பு பார்க்கிறவரின் வசதிக்கு மட்டும். பாதுகாப்புக்கு அதை நம்பக்கூடாது.

சரி, டெஸ்க்டொப்தான் பழக வேண்டும் என்றால் எதில்? வின்ஃபோர்ம்ஸ் 2002, டபிள்யுபிஎஃப் 2006, யுடபிள்யுபி 2015, வின்யுஐ 3, மௌயி என்று மைக்ரோசொஃப்ட் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு புதுப்பெயர் வைக்கிறது. ஒவ்வொன்றும் வரும்போது இதுதான் எதிர்காலம் என்பார்கள். என் தீர்மானம்: வின்ஃபோர்ம்ஸில் தொடங்குங்கள். பழசு என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பட்டனை இழுத்துப் போட்டு, அதை இரட்டைச் சொடுக்கி, இரண்டு வரி எழுதினால் ஓடுகிறது. புதிய டொட்நெட்டிலும் அது உயிரோடு இருக்கிறது. விண்டோஸில் பழையது லேசில் சாகாது. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் எழுதிய நிரல்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன.

விஷுவல் ஸ்டூடியோ, விஷுவல் ஸ்டூடியோ கோட் இரண்டும் வேறுவேறு. வின்ஃபோர்ம்ஸுக்கு முன்னது வேண்டும். அதன் கொம்யூனிட்டி பதிப்பு இலவசம். பின்னது 2015இல் வந்த எடிட்டர். வேடிக்கை என்னவென்றால், அது டெஸ்க்டொப் நிரல் மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரு பிரவுசர் ஒளிந்திருக்கிறது. எலெக்ட்ரோன் என்ற சட்டகத்தில், வலைப்பக்கம் செய்கிற அதே மொழிகளில் செய்தது. வலை வேறு, டெஸ்க்டொப் வேறு என்று நான் மேலே இழுத்த கோடு இந்த இடத்தில் கொஞ்சம் அழிந்துதான் போகிறது. ஆனால் கேள்வி மாறவில்லை: அது ஓடுவது உங்கள் கணினியில்.

"நிரல் எங்கே தொடங்குது, சேர்?" வின்ஃபோர்ம்ஸுக்கு வந்த முதல் நாளே இதைக் கேட்பார்கள், நியாயமான கேள்வி. சென்ற ஆறு வாரமும் நாம் கறுப்புத் திரையில் எழுதியவை மேலிருந்து கீழே ஓடி முடிந்தன. "ஹலோ வேர்ல்ட்" அப்படித்தான். அதை உலகத்துக்குப் பழக்கிய பிரையன் கெர்னிகன் 1942இல் ரொறொன்ரோவில் பிறந்து, 1964இல் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அவருடைய சி நிரல் சில வரிகள்தான். அதே இரண்டு சொல்லை விண்டோஸ் 1.0இன் சன்னல் ஒன்றில் காட்ட நூறு வரிக்கு மேல் தேவைப்பட்டது. காரணம், விண்டோஸ் நிரல் ஓடி முடிவதில்லை, காத்திருக்கிறது. மவுஸ் அசைந்தது, விசை அழுந்தியது, சன்னல் மூடப்பட்டது என்று விண்டோஸ் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும். அந்த நூறு வரியை வின்ஃபோர்ம்ஸ் உங்களுக்காக எழுதி வேறு கோப்பில் வைத்திருக்கிறது. நீங்கள் எழுதுவது பட்டன் அழுத்தப்பட்டால் என்ன செய்வது என்பதை மட்டும். பட்டனுக்குள் பத்து விநாடி ஓடுகிற வேலையை வைத்தால் அந்தப் பத்து விநாடியும் செய்திகளுக்குப் பதில் இல்லை; சன்னல் வெளிறி உறைந்துபோகும்.

கடைசியாக, நம்மவர்களுக்கு மட்டும் வருகிற கேள்வி. இங்கே தமிழ்ப் பத்திரிகை, மண்டப அழைப்பிதழ் எல்லாம் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் சேமிக்கப்படுவது உண்மையில் ஆங்கில எழுத்துகள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான். யாருடைய கணினி என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. யூனிகோட் அதைத் தீர்த்தது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் அதில் வருகிறது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல். "பாலசுப்பிரமணியம்" என்ற பெயரை எண்ணுங்கள். கண்ணுக்குப் பத்து எழுத்து. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் 16 என்கிறது, ஏனெனில் அதற்குக் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி. சேர்வரில் பிஎச்பியின் சாதாரண எண்ணி 48 என்கிறது. அது பைட்டுகளை எண்ணுகிறது, தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பெயர் 20க்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் விதி வைத்தால் பிரவுசர் விட்டுவிடும், சேர்வர் 20ஆவது பைட்டில் வெட்டும். "பாலசுப" என்று நின்று, பின்னால் ஒரு கேள்விக்குறி வைரம் தெரியும். பைட்டுக்குப் பதிலாக எழுத்தை எண்ணும் செயற்கூறுகள் பிஎச்பியிலும் உண்டு, சி ஷார்ப்பிலும் உண்டு.

இந்த வார வீட்டுவேலை: வின்ஃபோர்ம்ஸில் ஒரு பெட்டி, ஒரு பட்டன். பெட்டியில் "தமிழ்" என்று எழுதி, பட்டனை அழுத்தினால் அது தலைகீழாக வர வேண்டும். முதல் முயற்சியில் புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும், பின்னால் "ழிமத" என்று வரும். வர வேண்டியது "ழ்மித". செய்து பார்த்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.