பெருமூளை வாதமும் பயிற்சி மருத்துவமும்

கருவிலோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளோ குழந்தையின் மூளைக்கு நேரும் ஊறு காரணமாக உடலியக்கம் குன்றும் நிலை பெருமூளை வாதம் எனப்படும். இது முன்வினைப் பயனுமன்று, தொற்று நோயுமன்று. இந்நிலைக்கும் பிரசவகால இடர்களுக்கும் உள்ள தொடர்பை ஆங்கில நாட்டு வைத்தியர் வில்லியம் ஜோன் லிற்றில் 1862ஆம் ஆண்டிலே விரிவாக எடுத்துரைத்தார்.

மூளையில் நேர்ந்த ஊறு பின்னர்ப் பெருகுவதில்லை. ஆயினும், அதன் விளைவு உடலில் மாறிக்கொண்டே செல்லும். வளரும் பருவத்தில் எலும்பு நீள்கின்றது. இறுகிய தசையோ அதற்கு ஈடாக நீள்வதில்லை. ஆதலின், பத்து வயதில் நிமிர்ந்து நடந்த பிள்ளை பதினைந்து வயதில் முழங்கால் மடங்கி நடக்க நேரிடலாம். இப்பருவத்தில் பயிற்சியைக் கைவிடுதல் பெருந்தீங்காகும்.

பயிற்சி எத்தகையதாதல் வேண்டும்? தசைக்கு வலுவூட்டினால் இறுக்கம் மிகும் என்று முன்னாளில் அஞ்சினர். 1995இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டயான் டமியானோவும் அவர்தம் குழுவினரும் தொடைத்தசைக்கு வலுவூட்டிச் சிறுவர் சிலரின் மடங்கிய நடை திருந்தக் கண்டனர். இறுக்கம் மிகவில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உணர்த்தின. பிறர் பிடித்து அசைக்கும் கால் கற்பது சிறிதே. பிள்ளை தானே முயன்று, தனக்குப் பயன்படும் செயலைப் பன்முறை செய்யும்போதே மூளை கற்கின்றது. கோப்பையைப் பற்றுதல், பலகையிலிருந்து எழுந்து நிற்றல், படியேறுதல் என்பன அத்தகையன.

வட்டகொடை போன்ற மலையகத் தோட்டங்களுக்கு இவ்வுண்மை பெரிதும் பயன்படுவதாகும். லயத்திலிருந்து சாலையை அடையவே படிகளும் சரிவுகளும் கடத்தல் வேண்டும். கொழுந்தெடுக்கும் தாய் பிள்ளையைச் சுமந்து நகர வைத்தியசாலைக்குச் செல்வாளாயின் அன்றைய பேரை இழக்கின்றாள். குடும்பத்தாருக்கே பயிற்சியைக் கற்பிக்கும் சமுதாயமட்டப் புனர்வாழ்வு முறையை உலக சுகாதார நிறுவனம் 1970களின் பிற்பகுதி முதல் வளர்த்தது இத்தகைய இடர்களைக் கருதியேயாகும். நுவரெலியாவிலும் 1988இல் மென்கபெப் என்னும் நிறுவனம் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கெனத் தோன்றியது.

இயன்மருத்துவர் இடையிடையே வழிகாட்ட, எஞ்சிய நாள்களில் இல்லமே பயிற்சிக்கூடமாகலாம். வலிக்கும்படி கைகால்களை இழுத்தல் ஆகாது. இடுப்பு மூட்டு விலகுதலும் உண்டாகலின், வைத்தியரைக் கொண்டு அதனைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

மூளையின் ஊறு நீங்காது. பிள்ளையின் வாழ்வோ திருந்தும். முன்னதை எண்ணிப் பின்னதைக் கைவிடாதிருத்தலே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.