வீட்டு வாசலில் தேசியக் கொடி: அச்சமா, அன்பா?

  

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாத இறுதியில் நமது கடைத்தெருக்களில் தேசியக் கொடிகள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தினத்தை முன்னிட்டு வீடுகளிலும் வியாபார நிலையங்களிலும் கொடியேற்றுமாறு அரசாங்கம் வேண்டிக்கொள்வதும் வழக்கமாகும். வாப்பா ஒரு கொடியை வாங்கி வந்து வாசலில் கட்டுகின்றார். "வாப்பா, நாம ஏன் இதக் கட்டுறோம்?" என்று மகன் வினவுகின்றான். "கட்டாட்டி அயலாக்கள் என்ன நினைப்பாங்க மகன்?" என்பதே பல வீடுகளில் அவனுக்குக் கிடைக்கும் பதிலாகும்.

இந்தப் பதிலை நாம் எள்ளி நகையாட முடியாது. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் திகனையிலும், 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் எரிந்த கடைகளையும் வீடுகளையும் கண்ட ஒரு சமூகத்தின் உள்ளத்திலிருந்து பிறந்த பதில் அது. எனினும் அந்த மகனின் உள்ளத்தில் அது எதனை விதைக்கின்றது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். 'இந்த வீடு நம்முடையது. ஆனால் இந்த நாடு வேறு யாருடையதோ' என்றல்லவா அவன் விளங்கிக் கொள்கின்றான்?

அவ்வாறாயின், மனிதர்கள் தம் வீடுகளில் தேசியக் கொடியை விரும்பி ஏற்றுவது ஏன்?

முதலாவது காரணம் மகிழ்ச்சியாகும். டென்மார்க் நாட்டில் குடும்பத்தில் ஒருவரின் பிறந்த நாளுக்கும் தேசியக் கொடி ஏற்றுவார்கள். அங்கே அது குடும்ப மகிழ்ச்சியின் அடையாளமாகவும் விளங்குகின்றது. 1996 ஆம் ஆண்டு லாகூரில் நமது அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது, இனபேதமின்றி வீதிக்கு வந்த மக்களின் கைகளில் இருந்ததும் கொடியேயாகும். இரண்டாவது காரணம் துக்கமாகும். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், ஏப்ரல் 23 ஆம் திகதி தேசிய துக்க தினமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. மூன்றாவது காரணம் உரிமையாகும். அயல்நாடான இந்தியாவில் சாதாரணக் குடிமக்கள் தம் இல்லங்களில் எல்லா நாட்களிலும் கொடியேற்றுவதற்கு 2002 வரை தடை இருந்தது. தொழிலதிபர் ஒருவர் தொடுத்த வழக்கில், கண்ணியத்துடன் கொடியேற்றுவது குடிமகனின் கருத்து வெளிப்பாட்டு உரிமை என 2004 ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'இந்த நாடு எனக்கும் உரியது' என்று சொல்லும் உரிமைக்காகவே ஒருவர் நீதிமன்றப் படியேறினார் என்பதைக் கவனியுங்கள்.

இனி நமது கொடிக்கு வருவோம். இதன் வரலாற்றில் நமது முன்னோர்களின் பங்கினை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

1948 ஜனவரி 16 ஆம் திகதி, சுதந்திரத்திற்குப் பத்தொன்பது நாட்கள் இருக்கையில், பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணை முன்வைக்கப்பட்டது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்பதே அப்பிரேரணை. அதனை முன்மொழிந்தவர் மட்டக்களப்பின் முஸ்லிம் பிரதிநிதி ஏ. சின்னலெப்பை அவர்கள்! அன்று அந்தக் கொடியில் நமக்கென ஒரு நிறமும் இருக்கவில்லை. எவரும் சந்தேகிப்பார்களோ என்ற அச்சத்தினால் அவர் எழுந்து பேசியதாக நாம் கருத இடமில்லை. நாட்டின் பிரதிநிதிகளுள் ஒருவராகவே அவர் அச்சபையில் நின்றார்.

சிறுபான்மையினருக்கும் கொடியில் இடம் வேண்டும் என்ற குரல் எழவே, எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. நமது தலைவர் டி.பி. ஜாயா அவர்களும் அதில் அங்கம் வகித்தார். அதன் சிபாரிசுப்படி 1951 இல் பச்சை, செம்மஞ்சள் ஆகிய இரு பட்டைகள் சேர்க்கப்பட்டன. பச்சை முஸ்லிம்களையும், செம்மஞ்சள் தமிழர்களையும் குறிக்கும். நான்கு மூலைகளிலும் உள்ள வெள்ளரசு இலைகள் 1972 இல் இடம்பெற்றன.

பட்டைகள் சிங்கத்தின் சட்டத்திற்கு வெளியே வைக்கப்பட்டதை அக்குழுவின் எல்லா உறுப்பினர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. செனட்டர் எஸ். நடேசன் அவர்கள் இணங்க மறுத்தார். அந்த விவாதம் இன்றும் முற்றாக ஓயவில்லை. 2015 இல் கொழும்பில் சிலர் இரு பட்டைகளும் நீக்கப்பட்ட கொடியை ஏந்தி ஆர்ப்பாட்டம் செய்தபோது அது பெரும் சர்ச்சையைக் கிளப்பிற்று. ஆனால் கொடியை எடுத்துப் பாருங்கள்: மஞ்சள் நிறக் கரை சிங்கத்தையும் பட்டைகளையும் சேர்த்தே சூழ்ந்துள்ளது. பட்டைகளோடு கூடிய கொடியே நாட்டின் கொடி. அதனை ஏற்றுகின்ற ஒவ்வொரு வீடும், எந்தச் சமூகத்தின் வீடாயினும், 'இங்கே அனைவரும் உள்ளனர்' என்று சான்று பகர்கின்றது.

வாலிபர்களே! 'இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'தேசப்பற்று ஈமானின் ஒரு பகுதி' என்ற வாசகத்தை மேடைகளில் ஹதீஸாகக் கூறுவதுண்டு. அது நபிமொழியாக நிறுவப்படவில்லை என்பதே ஹதீஸ் கலை அறிஞர்களின் கருத்தாகும். நல்ல நோக்கத்திற்காகவும் நபி (ஸல்) அவர்கள் மீது சொல்லாததைச் சொல்லலாகாது. அதற்குத் தேவையும் இல்லை. மக்காவை விட்டுப் புறப்படும்போது அவர்கள் அந்த மண்ணை நோக்கித் தம் நேசத்தைக் கூறியதும், பயணத்திலிருந்து திரும்புகையில் மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டதும் தம் வாகனத்தை விரைவுபடுத்தியதும் அறிவிப்புகளில் வந்துள்ளன. பிறந்த மண்ணையும் வாழும் மண்ணையும் நேசிப்பது மனித இயல்பு.

கண்ணியம் செய்தல் வேறு, வணக்கம் வேறு. வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. கொடி ஒரு துணியே. அது குறிக்கும் மக்களுக்காகவே அதற்கு மரியாதை. அவ்வாறே, தன் இனம் அநீதி இழைக்கும்போதும் அதற்குத் துணைநிற்கும் வெறியை இஸ்லாம் கண்டிக்கின்றது. கொடியைக் காட்டி அடுத்தவரை மிரட்டுவதும், கொடியேற்றாத அயலவரைத் துரோகி என்பதும் தேசப்பற்று ஆகா. நமக்கு அது நடந்தபோது வலித்ததல்லவா? நாம் அதனைப் பிறருக்குச் செய்யலாகாது.

பெற்றோர்களே! அடுத்த பெப்ரவரியில் கொடியை நீங்கள் மட்டும் கட்டாதீர்கள். பிள்ளைகளையும் அருகில் அழையுங்கள். பச்சைப் பட்டை எது, செம்மஞ்சள் பட்டை எது, அவை வந்த கதை என்ன என்பதைச் சொல்லுங்கள். சின்னலெப்பை, ஜாயா ஆகியோரின் பெயர்களைச் சொல்லுங்கள். கிழிந்த, அழுக்கடைந்த கொடியை ஏற்றாதீர்கள். காலையில் ஏற்றியதை மாலையில் இறக்கி மடித்து வையுங்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் தொங்கவிடாதீர்கள்.

அன்றைய தினமே அயல்வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டுங்கள். நமது அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை தேசிய ஒற்றுமையை வளர்ப்பதையும் ஒவ்வொருவரின் கடமையாகக் குறிப்பிடுகின்றது. நோயுற்ற அயலவரை விசாரிப்பதும், பொது வீதியைத் துப்புரவாக வைப்பதும், வியாபாரத்தில் நிறுவையைக் குறைக்காதிருப்பதும் அக்கடமையில் அடங்கும். இவை இல்லாத வீட்டில் பறக்கும் கொடியை அயலவர் எவ்வாறு நம்புவார்?

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழியின் கருத்தாகும். ஆகவே மகன் மீண்டும் "ஏன் வாப்பா?" என்று கேட்டால், "இது நம்மட நாடு மகன், நம்மட மூத்தவங்க கேட்டு வாங்கின கொடி இது" என்று கூறுங்கள். அச்சத்தினால் கட்டிய கை நடுங்கக்கூடும். இந்தப் பதிலைக் கேட்டு வளரும் பிள்ளையின் கை நடுங்காது, இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் தாய்நாட்டில் அமைதியை நிலைபெறச் செய்து, நம் அனைவரின் எண்ணங்களையும் சீராக்குவானாக! ஆமீன்.